பெஸ் என்ற குதிரையும் சில நூறு இசைத்தட்டுகளும்

எங்கள் வீட்டுப் பரணில் நாலரைக் கட்டு புத்தகங்கள் இருக்கின்றன. கட்டுக்கு ஐம்பது. எல்லாம் ஒரே புத்தகம்தான், என் முதல் சிறுகதைத் தொகுப்பு. முதல் என்று சொல்வது பழக்கதோஷம், இரண்டாவது என்று ஒன்று கிடையாது. அடித்தது முந்நூறு. ஒவ்வொரு போகிக்கும் அம்மா முதலில் பரணைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். "எடைக்குப் போட்றலாமாடா?" என்று ஒரு வருஷம் கேட்டும் விட்டாள். போடவில்லை. அதைத் திறந்து பார்க்கவும் இல்லை.

இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், "சில நூறு பிரதிகள்தான் விற்றன" என்று எங்காவது படித்தால் மற்றவர்களுக்கு அது வெறும் தகவல். எனக்கு அது எத்தனை அட்டைப்பெட்டி, எவ்வளவு எடை, பரணில் எவ்வளவு இடம் என்று தெரியும். வஷ்டி பன்யன் என்ற ஆங்கிலப் பாடகியின் 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' ஆல்பம் 1970 டிசம்பரில் வந்தது. விற்றது சில நூறு பிரதிகள். அதன்பின் அவர் முப்பது வருடம் பாடவில்லை.

முதல்முறை கேட்டது ஒரு ரிலீஸ் ராத்திரியில். புரொடக்‌ஷனில் புது வெர்ஷன் ஏற்றிவிட்டு, ஏதாவது உடைந்தால் திருப்பி எடுப்பதற்காக மூன்று மணிவரை விழித்திருக்க வேண்டும். ஹெட்ஃபோனில் நிக் டிரேக் ஓடிக்கொண்டிருந்தார், பட்டியல் முடிந்ததும் ஆப் தானாக அடுத்ததைப் போட்டது. ஒரு பெண் குரல். பாடுகிறதா, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசான குரல். மேலே ஒரு ரிக்கார்டர் குழல், கீழே கொஞ்சம் வயலின்கள். இரண்டு நிமிடம்கூட இல்லை, முடிந்துவிட்டது. சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி போட்டேன். அன்றைக்கு ராத்திரி அந்த ஒரு பாட்டை மட்டும் பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பேன். மறுநாள் ஆஃபீஸில் நண்பனிடம் பெயரைச் சொன்னபோது, "பனியனா? டிசர்ட்டுக்கு உள்ள போடுவோமே, அதா?" என்றான். தமிழில் இந்தப் பெயருக்கு விமோசனம் இல்லை.

பெயரைப் பற்றி இன்னொன்று சொல்லிவிடுகிறேன். வஷ்டி என்பது பைபிளில் எஸ்தர் புத்தகத்தில் வரும் ராணி. தமிழ் பைபிளில் 'வஸ்தி'. ராஜா விருந்தில் குடித்துக் களித்துவிட்டு, ராணியின் அழகை எல்லோருக்கும் காட்ட வேண்டும், கூப்பிடு என்கிறான். அவள் வரமாட்டேன் என்கிறாள். கிரீடம் போகிறது. கதையிலிருந்தும் அவள் போய்விடுகிறாள். பன்யன் என்றால் நம்மில் சிலருக்கு ஜான் பன்யன் ஞாபகம் வரலாம். அவருடைய 'மோட்சப் பயண'த்தைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார். உறவெல்லாம் இல்லை, பெயர் ஒற்றுமைதான். ஆனாலும் வர மறுத்த ராணியும் ஒரு நெடும்பயணமும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, கதை எழுதியிருந்தால் ஆசிரியர் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டார் என்றுதான் சொல்லியிருப்போம்.

*

1945இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், வரைவதை விட்டுவிட்டுப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். இடையில் நியூயார்க் போயிருந்தபோது பாப் டிலனின் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, தான் செய்ய வேண்டியது இதுதான் என்று முடிவுகட்டினார். லண்டனில் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் கண்ணில் பட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேனேஜர் அவர். மரியான் ஃபெய்த்ஃபுல் அவரை விட்டுப் போயிருந்த நேரம், அந்த இடத்துக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. 1965இல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டை வஷ்டி பாடி சிங்கிளாக வந்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, நடுவில் இந்தச் சின்னக் குரல். அவருடைய சொந்தப் பாட்டு தட்டின் பின்பக்கத்துக்குப் போனது. ஓடவில்லை. 1966இல் இன்னொரு கம்பெனியில் 'டிரெய்ன் சாங்'. அதுவும் ஓடவில்லை. அடுத்து பதிவு செய்த ஒன்று வெளியாகவே இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வஷ்டியைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் அவரை 'ஃபோக் பாடகி' என்றுதான் ஆரம்பிக்கின்றன. அவரோ தன்னை ஒருபோதும் அப்படி நினைத்ததில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லியிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது பாப். ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவு எளிமையான பாட்டு ரேடியோவில் எல்லோருக்கும் நடுவில் ஒலிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. நமக்கு இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். ஃபோக் என்றதும் தமிழில் 'நாட்டார் பாடல்' என்று மொழிபெயர்த்துக்கொள்வோம். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, நா. வானமாமலை தொகுத்ததை யார் எழுதியது என்று நாம் கேட்பதில்லை. அறுபதுகளின் ஆங்கில 'ஃபோக்' அப்படியில்லை. தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டாரோடு பாடினால் ஃபோக். பெட்டியில் ஒட்டும் லேபிள். அந்த லேபிள் இவர்மீது ஒட்டியது பெரும்பாலும் அடுத்து நடந்த கதையால்தான்.

1968இல் வஷ்டியின் காதலர் ராபர்ட் லூயிஸ் தெற்கு லண்டன் பக்கத்தில் ஓர் ஓவியக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த காட்டில், ஒரு பெரிய ரோடோடென்ட்ரான் புதருக்கு அடியில் குடியிருந்தார். உண்மையிலேயே புதருக்கு அடியில். பாட்டுத் தொழில் வெறுத்துப்போன வஷ்டியும் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த நிலம் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குச் சொந்தம். இரண்டு பேரையும் கிளப்பிவிட்டார்கள். (இந்தக் கதை 'டிமதி க்ரப்' என்று ஆல்பத்தில் குழந்தைக் கதைபோல வருகிறது.) அதே சமயம் பாடகர் டோனவன், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் சில குட்டித் தீவுகளை வாங்கி, கலைஞர்கள் கூடி வாழ ஓர் இடம் அமைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போகலாம் என்று முடிவு. ரயிலில் அல்ல, காரில் அல்ல. டோனவன் கடனாகக் கொடுத்த பணத்தில் ஒரு குதிரை வாங்கினார்கள், ஒரு பழைய வண்டி வாங்கினார்கள். குதிரை பெயர் பெஸ். கூடவே ஒரு நாய்.

லண்டனிலிருந்து ஸ்கைக்கு சாலை வழியே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்விட்டுத் திரும்பும் வழியில் மதுரை தாண்டும் தூரம். இதை முடிக்க இரண்டு கோடையும் நடுவில் ஒரு குளிர்காலமும் ஆனது. மேட்டில் குதிரைக்குக் கஷ்டமாக இருந்தால் இறங்கி நடக்க வேண்டும். லாடம் தேய்ந்தால் கொல்லனைத் தேட வேண்டும். கையில் காசில்லை, கிடைத்த வேலையைச் செய்து அடுத்த ஊருக்குப் போனார்கள். நடந்துகொண்டே பாட்டு எழுதினார். 'ஜாக் அலாங் பெஸ்' குதிரையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தாஜா செய்யும் பாட்டு. அதன் தாளமே குளம்படித் தாளம்தான். இதை முதலில் கேட்டபோது சுவாரசியமான உத்தி என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, மாதக்கணக்கில் காதில் வேறு தாளமே விழாத ஒருத்தர் வேறு எப்படி எழுதியிருக்க முடியும்?

நடுவில், 1968 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு நண்பர் மூலம் ஜோ பாய்டைச் சந்தித்தார். பாய்டு அமெரிக்கர், லண்டனில் செட்டிலாகி, பிங்க் ஃபிளாய்டின் முதல் சிங்கிளைத் தயாரித்தவர். ஃபேர்போர்ட் கன்வென்ஷன், இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட், நிக் டிரேக் எல்லாம் அவர் கையில். பாட்டுகளைக் கேட்டார். பயணம் முடியட்டும், வா, ஆல்பம் போடலாம் என்றார்.

பயணம் முடிந்தபோது போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை. ஸ்கையை அடைந்தபோது டோனவன் அங்கில்லை, இவர்களுக்கு என்று ஓர் இடமும் அங்கில்லை. இன்னும் மேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெர்னரே என்ற சின்னத் தீவுக்குப் போனார்கள். படகில்தான் போக முடியும், கடலில் சாலை போட்டுத் தீவை இணைத்தது 1999இல்தான். மின்சாரம் இல்லாத வீடு. கேலிக் மொழி பேசும் மக்கள். லண்டனிலிருந்து குதிரை வண்டியில் எளிய வாழ்க்கையைத் தேடி வரும் இளைஞர்களைப் பார்த்தால், அந்த எளிய வாழ்க்கையில் வேறு வழியில்லாமல் காலம் காலமாக இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? 2022இல் வந்த 'வேவர்ட்' என்ற தன் நினைவுக்குறிப்பில் வஷ்டி இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குளிரும் சந்தேகப் பார்வைகளும் இரண்டு பேருக்குள் வந்த மனத்தாங்கல்களும் அதில் உண்டு. ஆல்பத்தில் இவை அநேகமாக எதுவும் இல்லை. மின்மினி, அல்லிக் குளம், குருவி, ஆற்றின் மேல் வானவில். அந்தப் பாட்டுகள் உண்மையில் நடந்ததன் பதிவு அல்ல, நடந்துகொண்டே இருப்பதற்காகக் கண்ட கனவு என்று பின்னால் அவரே சொன்னார். குதிரைக்குச் சொன்ன சமாதானத்தைத் தனக்கும் சொல்லிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

1969 கடைசியில் லண்டன் செல்சியில் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு. தேதியைக் கவனியுங்கள். அதே ஸ்டுடியோவில் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தை முடித்திருந்தது. செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பழைய பாடல்களைத் தேடியெடுத்து, எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து ஆங்கில ஃபோக் ராக் என்ற ஒன்றையே அந்த ஆல்பம் உருவாக்கிவிட்டது. அந்தக் குழுவின் சைமன் நிக்கலும் டேவ் ஸ்வார்ப்ரிக்கும்தான் வஷ்டிக்கும் வாசித்தார்கள். இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டிலிருந்து ராபின் வில்லியம்சன் ஃபிடிலும் ஹார்ப்பும் கொண்டுவந்தார். நிக் டிரேக்குக்கு நரம்பிசை அமைத்த ராபர்ட் கர்பி மூன்று பாட்டுகளுக்கு இசைக்கோர்ப்பு செய்தார். என்னை ராத்திரி மூன்று மணிக்குப் பிடித்துக்கொண்டது அதில் ஒன்று.

பதினாலு பாட்டு, மொத்தம் அரைமணி நேரச் சொச்சம். ஒன்றின் மெட்டு நாம் எல்.கே.ஜி.யில் கத்திய 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான், எந்த வெட்கமும் இல்லாமல். என் கணிப்பில் கர்பி கைவைத்த மூன்றும் 'ரோஸ் ஹிப் நவம்பர்' என்ற பாட்டும் காலத்தைத் தாண்டியவை. இரண்டு மூன்று பாட்டுகள் குழந்தைகள் புத்தகம் அளவுக்கு இனிப்பு, இதைச் சொல்லாமல் விட்டால் நான் பக்தனாகிவிடுவேன். ஆனால் எந்த இடத்திலும் குரல் கேட்பவரைக் கெஞ்சவில்லை. நான் சோகமாயிருக்கிறேன் பார், நான் அழகாயிருக்கிறேன் பார் என்று எதுவும் இல்லை.

பதிவு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் ஃபிலிப்ஸ் கம்பெனி ஆல்பத்தை வெளியிட்டது. அந்த ஒரு வருடத்தில் வஷ்டிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பாய்டு தன் கம்பெனியை விற்றுவிட்டு, வார்னர் பிரதர்ஸ் வேலைக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். வஷ்டி மேடைக் கச்சேரிகள் செய்யவில்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ரேடியோ ரேடியோவாக ஏற ஆள் இல்லை. அட்டையில் அவர் தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு பழைய வீட்டு வாசலில் நிற்கிறார், சுற்றி வரைந்த விலங்குகள். ஃபோக் ராக் கையில் மின்சாரத்தோடு இருந்த 1970இல், கடையில் அதைப் பார்த்த ஒருவர் குழந்தைப் பாட்டு என்று நினைத்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

இங்கேதான் எனக்கு வழக்கமான கதையோடு சண்டை. 'காலம் புரிந்துகொள்ளாத மேதை', 'நிராகரிக்கப்பட்ட படைப்பு' என்று எழுதுவது நமக்கு, குறிப்பாகச் சிறுபத்திரிகை மரபில் வந்த நமக்கு, மிகவும் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நிராகரிப்பு என்றால் யாராவது கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வஷ்டியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவே இல்லை. எங்கள் தொழிலில் சொல்வதானால் சர்வர் எர்ரர் அனுப்பவில்லை, பதிலே அனுப்பவில்லை. எர்ரர் வந்தால் எங்கே தப்பு என்று தேடலாம். பதிலே வராவிட்டால் அனுப்பியவருக்குத் தன்மேல்தான் சந்தேகம் வரும். கோட் சரியில்லையோ, கேள்வியே தப்போ, நான் யார் இதையெல்லாம் அனுப்புவதற்கு என்று போகும்.

அதுதான் நடந்தது. வஷ்டி அந்த மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். பாட்டு மோசம், நான் மோசம் என்று முடிவுகட்டிவிட்டு கிட்டாரை வைத்துவிட்டார். பாய்டு ஒருமுறை அவரையும் நிக் டிரேக்கையும் சேர்ந்து பாட்டு எழுதச் சொல்லிப் பார்த்தாராம். ஒருவர் பியானோ முன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கையில் குழந்தை. ஒன்றும் நடக்கவில்லை. டிரேக்குக்கும் அதே மௌனம்தான் பதிலாக வந்தது. 1974 நவம்பரில், 26 வயதில், அவர் இறந்துபோனார். வஷ்டி வேறு வழியில் போனார். ஸ்காட்லாந்தின் எல்லைப்புறம், அயர்லாந்து, மறுபடி ஸ்காட்லாந்து, வயல், குதிரைகள், மூன்று பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குத் தாலாட்டுகூடப் பாடவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. மேடையில் பாடாமலிருப்பது வேறு. அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு, தன் குழந்தையைத் தூங்க வைக்கவும் அதை எடுக்காமலிருப்பது என்றால் உள்ளே என்ன பூட்டிக் கிடந்திருக்க வேண்டும்?

*

1997இல் அவர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நெட்டில் தன் பெயரைத் தேடினார். கூகிள் கம்பெனி அப்போது பிறக்கவில்லை, அது 1998. தன் பெயரைத் தானே தேடிப் பார்ப்பது இன்றைக்கு நாம் எல்லோரும் கூச்சத்தோடு செய்வது, 52 வயதில் அவர் முதல் ஆட்களில் ஒருவராகச் செய்தார். திரையில் வந்தது, அந்த ஆல்பத்தைத் தேடி அலைபவர்களின் பேச்சு. எங்கோ பழைய கடைகளில் மிச்சமிருந்த அந்தச் சில நூறு தட்டுகள் கைமாறி, கைமாறி, சேகரிப்பாளர்களின் புதையலாகியிருந்தன. ஒரிஜினல் தட்டு பிற்பாடு ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது. பழைய தட்டு விற்கும்போது பாடியவருக்கு அதில் ஒரு பைசா வராது என்பது வேறு விஷயம்.

தேடுபொறி எதையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. யாரோ ஒருவர் முதலில் அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டும். வஷ்டியின் பெயரைத் தட்டச்சு செய்த அந்த முகம் தெரியாத ஆட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அல்காரிதம் எனக்கு அவரைக் கொடுத்தது என்று மேலே எழுதினேன். அது பாதிதான் உண்மை. முதல் பாதி அவர்கள் செய்தது.

உரிமைகளை மீட்டு 2000இல் ஸ்பின்னி என்ற சின்ன லேபிள் சிடியாக வெளியிட்டது. வஷ்டிக்கு வயது 55. இந்த முறை பதில் வந்தது, அதுவும் எங்கிருந்தெல்லாமோ. டெவேந்த்ரா பன்ஹார்ட் என்ற இளைஞர் தன் பாட்டுகளையும் படங்களையும் அனுப்பி, நான் இதைத் தொடரலாமா என்று அவரிடம் கேட்டு எழுதினார். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கிறார் பாருங்கள்! தொடரச் சொன்னார். 2004இல் பன்ஹார்ட் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இரண்டு பேரும் சேர்ந்தே பாடினார்கள். 2005இல் அனிமல் கலெக்டிவ் குழுவோடு ஒரு சிறு தட்டு. அதே வருடம் அவருடைய இரண்டாவது ஆல்பம் 'லுக்ஆஃப்டரிங்'. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே 35 வருடம். மாக்ஸ் ரிக்டர் தயாரிப்பு, அட்டையில் மகள் வரைந்த காட்டு முயல். அதில் வாசித்தவர்களில் ராபர்ட் கர்பியும் ஒருவர்.

2006இல் டி-மொபைல் விளம்பரத்தில் 'டைமண்ட் டே' வந்தது. மின்சாரமில்லாத தீவுக்குக் குதிரையில் போன பெண்ணின் பாட்டு செல்ஃபோன் பிளான் விற்றது. சிலர் இதற்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. 1965இலிருந்து அவர் விரும்பியது தன் பாட்டு எல்லோர் வீட்டிலும் ஒலிக்க வேண்டும் என்பதைத்தான். நாற்பது வருடம் தாமதமாக, கோணலாக, அது நடந்தது. காசும் வந்தது. மூன்று பிள்ளைகளைக் காசில்லாமல் வளர்த்த ஒருவரைப் பார்த்து நீங்கள் இன்னும் தூய்மையாக இருந்திருக்கலாமே என்று சொல்ல நான் யார்?

ஆனால் புதிய ரசிகர்கள் செய்த ஒன்று உறுத்துகிறது. இவர்கள் ஆல்பத்தைக் கொண்டாடிய மொழியில் 'வெகுளி', 'களங்கமற்ற', 'காட்டிலிருந்து வந்த குரல்' என்று திரும்பத் திரும்ப வரும். லண்டன் ஸ்டுடியோக்களில் மூன்று வருடம் மோதி, வியாபாரம் எப்படி நடக்கிறதென்று அறிந்து, அதை வெறுத்து, தெரிந்தே வெளியேறியவர் எப்படி வெகுளி? 1970இல் யாரும் கேட்கவில்லை. 2000இல் கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டார்கள். அவருக்கு இரண்டாவது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனாலும் பேட்டிகளில் அவர் பொறுமையாக, விடாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். நான் ஃபோக் அல்ல. அந்த வாழ்க்கை அப்படி இல்லை. அது கனவு.

நண்பனிடம் (பனியன் ஜோக் அடித்தவன்) இதைச் சொன்னபோது, "எப்படியோ, கடைசியில நியாயம் கிடைச்சிடுச்சுல்ல? உன் புக்கும் ஒருநாள் வரும் பாரு" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். உண்மையைச் சொன்னால், பல வருடம் நானும் வஷ்டி கதையை இதற்குத்தான் வைத்திருந்தேன். பரணில் கிடக்கும் நாலரைக் கட்டுக்கு அது ஒரு இன்சூரன்ஸ். எழுதாமல் இருப்பதற்கு வசதியான சாக்கும்கூட. காலம் பார்த்துக்கொள்ளும், நாம் சும்மா இருக்கலாம்.

அப்புறம் ஒருநாள் கணக்குப் போட்டேன். 25 வயதிலிருந்து 55 வரை. அந்த முப்பது வருடத்தில் எழுதப்பட்டிருக்கக் கூடிய பாட்டுகள் எந்த அட்டிக்கிலும் இல்லை, எந்தச் சேகரிப்பாளரும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அவை எழுதப்படவில்லை. மறுகண்டுபிடிப்பு என்ற சந்தோஷமான கதை பதினாலு பாட்டைத் திருப்பித் தந்தது, அந்தச் சந்தோஷத்தில் மற்றதை நாம் எண்ணாமல் விட்டுவிட்டோம். இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. அவரைப்போல ஒவ்வொருவருக்கும் முப்பது வருடம் கழித்து யாரோ பெயரைத் தட்டச்சு செய்வார்கள் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. நமக்கு வஷ்டியின் பெயர் தெரிகிறது என்பதாலேயே அவர் விதிவிலக்கு.

என்னையும் அவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. என் கதைகளில் பாதி சுமார். ஒரு விமர்சகர் பாதி என்பது தாராளம் என்பார். ஆனால் பதில் வராததைத் தீர்ப்பாகப் படித்த அந்தத் தப்பு மட்டும் எனக்கு நன்றாகவே பழக்கமானது.

2014இல் மூன்றாவது ஆல்பம் 'ஹார்ட்லீப்' வந்தது. இதுதான் கடைசி ஆல்பம் என்றார். அப்போது அவருக்கு 69 வயது. தயாரிப்பாளர் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. எடின்பரோ வீட்டில் கம்ப்யூட்டர், கீபோர்ட், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொண்டு பெரும்பகுதியைத் தானே வருடக்கணக்காகச் செய்தார். யார் கோர்ப்பிலோ தன் பாட்டு எப்படியோ ஆகிவிடுகிறது என்ற அவருடைய ஐம்பது வருடக் குறை அப்படித்தான் தீர்ந்தது. அவருக்கு இரண்டு கையாலும் சேர்த்து பியானோ வாசிக்கத் தெரியாது. அதனால் வலது கை வாசிக்க வேண்டியதைத் தனியாகப் பதிவு செய்தார், இடது கை வாசிக்க வேண்டியதைத் தனியாகப் பதிவு செய்தார், பிறகு இரண்டையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, பொருந்தும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தார்.